பாயிண்ட் வைத்த பழைய புல்லட் வாங்கியிருக்கிறீர்களா? எஞ்சின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

காஸ்ட் அயர்ன் போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் சின்ன சுவிட்ச் மூலம் ஸ்பார்க் கொடுக்கும் பழைய முறை), வலது காலில் கியர் என்று இருக்கும் 350 சிசி புல்லட்டுக்கு. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் அன்று பூட்ட ஆரம்பித்த அந்த எஞ்சின் சின்னச் சின்ன மாற்றங்களோடு அரை நூற்றாண்டு ஓடியது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, கம்ப்ரஷன் 6.5-க்கு 1. இன்றைய கணக்கில் மிகச் சோம்பலான எஞ்சின். அதனால்தான் இத்தனை வருடம் தாங்குகிறது. பிறகு வந்த யூனிட் எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில்) வண்டிகளுக்கு இங்கே சொல்வதில் பாதி பொருந்தாது.

வாங்கியதும் எஞ்சினை இறக்கி முழுசாகப் பிரித்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். எஞ்சின் வேலை என்று பட்டறைக்கு வரும் பழைய புல்லட்டுகளில் பலவற்றுக்குக் கோளாறு எஞ்சினுக்குள் இருப்பதில்லை. பாயிண்ட், கண்டென்சர், கார்புரேட்டர், டேப்பெட் (வால்வைத் திறக்கும் ராடின் இடைவெளி), டிகம்ப்ரஸர் (கிக் அடிக்க அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வு) கேபிள், பிரீதர் (எஞ்சினுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் வழி) என்று வெளியே கை எட்டும் இடத்தில்தான் இருக்கும். அதோடு, பிரித்து மேஜையில் பரப்பிய எஞ்சின் எதையும் சொல்லாது. சத்தம் எந்த வேகத்தில் வந்தது, புகை எப்போது வந்தது, சூடான பிறகா அதற்கு முன்பா என்பதெல்லாம் ஓடும்போதுதான் தெரியும். அந்தத் தகவல் கையில் இல்லாமல் பிரித்தால் எல்லாவற்றையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பில் ஏறுவதும் அப்படித்தான்.

நான் பிரிக்கச் சொல்வது மூன்று சமயங்களில் மட்டும்: கனெக்டிங் ராடு அடிக்கிற சத்தம் உறுதியானால், ஆயில் மேலே ஏறாமல் போய் பம்பைச் சரிசெய்தும் ஏறவில்லை என்றால், டேப்பெட்டும் டிகம்ப்ரஸரும் சரியாக இருந்தும் கம்ப்ரஷன் இல்லை என்றால். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே வருகிறது.

பல மாதம் நின்ற வண்டி. முதல் கிக்குக்கு முன்னால் என்ன பார்க்கணும்?

ஆயில். புல்லட்டில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்தே இருந்தாலும் அது தனி அறை. வண்டி நிற்கும்போது டேங்கில் உள்ள ஆயில் தேய்ந்த பம்ப் வழியாக மெல்ல இறங்கி, கிராங்க் சுற்றும் அறையில் தேங்கிவிடும். டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயில் குறைந்த மாதிரி காட்டும். அதை நம்பி ஒரு லிட்டர் ஊற்றியவர்கள் நிறைய. பிறகு ஸ்டார்ட் செய்ததும் தெருவே நீலப் புகை, பிரீதர் வழியாக வீட்டு வாசல் முழுக்க ஆயில்.

எனவே இருப்பதை எல்லாம் வடித்துவிடுங்கள். அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட டிரெயின் பிளக் உண்டு; டேங்குக்கு ஒன்று, கிராங்க் அறைக்கு ஒன்று. இரண்டையும் திறக்க வேண்டும். வடிந்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மினுமினுப்பு இருந்தால் கவலைப்பட வேண்டாம். செதில் செதிலாக உலோகம் இருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஆயில் ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ50 ஆயில் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, இக்னிஷனை ஆஃப் செய்து, ஆயில் சுற்ற ஆரம்பிக்கும்வரை நிதானமாகக் கிக் செய்யுங்கள்.

இனிமேல் ஆயில் அளவு பார்ப்பது எப்போதும் வண்டி சிறிது ஓடி நின்ற பிறகுதான்.

ஆயில் ஹெட்டுக்குப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஹெட்டுக்கு வெளியே ஏறும் மெல்லிய ஆயில் பைப்பின் மேல் போல்ட்டை, வண்டி ஐடிலில் ஓடும்போது அரைச் சுற்று தளர்த்துங்கள். சில நொடிகளில் ஆயில் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். பைப்பில் அடைப்பா, ஃபில்டர் தப்பாக உட்கார்ந்திருக்கிறதா, பம்ப் டிஸ்க் தேய்ந்ததா என்று அந்த வரிசையில் பார்க்கலாம். பம்ப் டிஸ்க்கை நைஸ் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு அதன் இருக்கையில் தேய்த்து உட்கார வைப்பது பழைய மெக்கானிக்குகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எஞ்சினை இறக்கத் தேவையில்லை.

கிக் அடித்து அடித்துக் கால் போச்சு. ஸ்டார்ட் ஆகவில்லை.

முறை தெரியாமல் உதைத்தால் நல்ல புல்லட்டும் ஸ்டார்ட் ஆகாது. சாவியைப் போட்டு, நியூட்ரலில், கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கத்துக்கும் நடுவுக்கும் போய்வருவது தெரியும். பாயிண்ட் மூடியிருந்தால் மைனஸ், திறந்தால் நடு. கிக்கர் கெட்டியாக முட்டி நிற்கும் இடத்தில், முள் நடுவில் இருக்கும்போது நிறுத்துங்கள். டிகம்ப்ரஸரைப் பிடித்து கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள். டிகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே முழு உதை. குளிர்ந்த எஞ்சினுக்கு சோக் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல். சூடான எஞ்சினுக்கு சோக் வேண்டாம்.

முள் அசையவே இல்லையா? அப்போது பிரச்சினை உதையில் இல்லை. பேட்டரி இறந்திருக்கிறது, ஃபியூஸ் போயிருக்கிறது, அல்லது பாயிண்ட்டில் அழுக்கு ஏறியிருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் இந்த மீட்டரை அலங்காரம் என்று நினைத்து, வேலை செய்யாவிட்டாலும் விட்டுவிடுகிறார்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இந்த வண்டியில் மின்சாரக் கோளாறைக் காட்டும் ஒரே கருவி அதுதான்.

கிக்கர் திருப்பி அடிக்கிறது. கணுக்காலே போய்விடும் போலிருக்கிறது.

டைமிங் அட்வான்ஸாக இருக்கிறது. பாயிண்ட் இடைவெளி அதிகமானாலே டைமிங் முன்னுக்குப் போகும், எனவே முதலில் அதை ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் கொண்டு வாருங்கள். பிறகு பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் உள்ள ஆட்டோ அட்வான்ஸ் எடைகளைக் கையால் விரித்துவிட்டுப் பாருங்கள். சுள்ளென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தோ துருவேறிச் சிக்கியோ இருந்தால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதும் அட்வான்ஸிலேயே நிற்கும். உதை திரும்பி வரும்.

அதற்கும் மேல் போனால் டைமிங்கை முறையாக வைக்க வேண்டும். எடைகள் மூடிய நிலையில், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் அப்போதுதான் பிரிய வேண்டும். சிகரெட் அட்டையின் மெல்லிய தாளை பாயிண்ட்டுக்கு நடுவில் வைத்து, அது வழுக்கி வரும் நொடியைப் பார்க்கும் பழைய வழி இன்றும் நன்றாக வேலை செய்கிறது. ஆம்பியர் மீட்டர் முள்ளும் அதையே காட்டும். இந்தத் தொல்லை தீரும்வரை செருப்புக் காலோடு கிக் அடிக்காதீர்கள்.

காலையில் ஜம்மென்று ஸ்டார்ட் ஆகிறது. பத்துக் கிலோமீட்டர் போனதும் அணைகிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது.

இதுதான் அதிகம் பேரை அலைக்கழிக்கும் கேள்வி. வீட்டில் வைத்து ஆராய முடியாது. ரோட்டோரத்தில், அணைந்த உடனே பார்க்க வேண்டும். டூல் பையில் ஒரு நல்ல பிளக்கும், பிளக் ஸ்பேனரும், தடிமனான துணியும் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அணைந்ததும் முதல் வேலை, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறப்பது. புஸ் என்று காற்று உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தினால் முடிந்தது. இதற்குப் போய் கார்புரேட்டர் மாற்றியவர்கள் உண்டு.

மூடி சரி என்றால் பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து ஸ்பார்க் பாருங்கள். குளிர்ந்தபோது நீலமாகத் துள்ளியது இப்போது மஞ்சளாக, மெலிதாக, அல்லது இல்லவே இல்லை என்றால் கண்டென்சர் மேல்தான் முதல் சந்தேகம். சூட்டில் செத்து, ஆறினால் பிழைப்பது கண்டென்சரின் குணம். எஞ்சின் ஓடும்போது பாயிண்ட் மூடியைக் கழற்றிப் பார்த்தால் பாயிண்ட்டுக்கு நடுவில் பெரிதாகப் பொறி பறக்கும். பாயிண்ட் முகமும் கருகியிருக்கும். விலை அதிகமில்லாத பொருள், மாற்றிப் பாருங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: இப்போது கிடைக்கும் புதுக் கண்டென்சர்களில் மட்டமானவை ஏராளம். மாற்றியும் தீரவில்லை என்றால் இன்னொரு கம்பெனியின் கண்டென்சரைப் போட்டுப் பார்க்காமல் அதை நிரபராதி என்று விட்டுவிடாதீர்கள். அதற்கு அடுத்தது இக்னிஷன் காயில். அதுவும் சூட்டில் இதே வேடம் போடும்.

ஸ்பார்க் நன்றாக இருந்து, கிக்கர் மட்டும் வழக்கத்தைவிட லேசாக இறங்கினால் டேப்பெட் இறுக்கம். சூட்டில் வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் ஓடிவிடுகிறது.

டேப்பெட்டை நானே வைக்கலாமா?

தாராளமாக. இரவு முழுக்க நின்று ஆறிய எஞ்சினில்தான் செய்ய வேண்டும். வலது பக்கம் போருக்கு அருகே உள்ள சின்ன மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளின் அடி முனையும் தெரியும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வந்து, இரண்டு ராடையும் விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. இந்த அளவுக்கு ஃபீலர் கேஜ் தேவையில்லை. லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி சுற்றிப் பாருங்கள்.

ஐடில் நிற்கவே மாட்டேன் என்கிறது. சிக்னலில் அணைந்து மானம் போகிறது.

பாயிண்ட்டும் டேப்பெட்டும் சரி என்று உறுதி செய்யாமல் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். இது என் கட்டாய விதி. அந்த இரண்டும் தப்பாக இருக்கும்போது ஏர் ஸ்க்ரூவைத் திருகித் திருகி, கடைசியில் எது கெட்டது என்றே தெரியாமல் போய்விடும்.

அப்புறம் மிக்கார்ப் கார்புரேட்டரைக் கழற்றி, பைலட் ஜெட்டை (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை உள்ள பாகம்) வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். நின்றுபோன வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி, இந்தத் துளையைத்தான் முதலில் அடைக்கும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரும் காற்றும் போதும். ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து முன்னும் பின்னும் பார்த்து, எஞ்சின் சீராக ஓடும் இடத்தில் விடுங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே காற்று புகுகிறது. எஞ்சின் லேசான சூட்டில் ஐடிலில் இருக்கும்போது அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் சத்தம் மாறும். கேஸ்கட்டை மாற்றுங்கள். பல வண்டிகளில் கார்புரேட்டரின் முகமே வளைந்திருக்கும், காரணம் யாரோ ஒருவர் நட்டை மூச்சைப் பிடித்து இறுக்கியிருப்பார். கண்ணாடி மேல் எமரி தாள் வைத்துத் தேய்த்துச் சமன் செய்யலாம். கார்புரேட்டருக்குள் ஓடும் ஸ்லைடே தேய்ந்து லொடலொட என்று ஆடினால் மட்டும் புதுசு வாங்குவதே மேல்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய எஞ்சினைக் கெடுக்குமா?

எஞ்சினைவிட, அதற்கு வரும் வழியைக் கெடுக்கிறது. இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரை ஊதவும் வெடிக்கவும் வைக்கும், காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் அடியில் பிரிந்து இரும்பு டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். அந்தத் துரு நேராக ஜெட்டுக்கு வரும். பெட்ரோல் டியூபையும் டேப் வாஷரையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுங்கள், நடுவில் ஒரு ஃபில்டர் போடுங்கள், நிறுத்தி வைக்கும்போது டேப்பை மூடி கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிடுங்கள். எத்தனால் கலப்பில் கலவை சற்று லீனாகும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகும்) என்பதால், வண்டி ரோட்டில் திணறினால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டலாம்.

பெட்ரோலில் கொஞ்சம் 2டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான ஆயில்) விடச் சொல்கிறார்களே?

வேண்டாம். இது நாலு ஸ்ட்ரோக். பிளக்கில் கரி படிவதுதான் லாபம்.

புகை வருகிறது. ரிங் போச்சா?

எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது. சில நாள் நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்ததும் நீலமாக வந்து, சில நிமிடத்தில் அடங்கினால் மேலே சொன்ன, ஆயில் கீழே இறங்கிய விவகாரம்தான். ரிங் மேல் பழி போடாதீர்கள். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடி இறங்கி, திரும்பத் திருகும்போது ஒரு மேகம் வந்தால் வால்வு கைடு. ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். ஏற்றத்தில், லோடில், எப்போதும் நீலப் புகை வந்தால் ரிங்கும் போரும். கறுப்புப் புகை என்றால் ஆயிலே இல்லை, பெட்ரோல் அதிகம்: சோக் மூடவில்லை, அல்லது ஃபிளோட் ஊசி பிடிக்கவில்லை.

எங்கே பார்த்தாலும் ஆயில் கசிகிறது. புல்லட் என்றால் அப்படித்தானாமே?

இந்தச் சமாதானம் சோம்பேறி மெக்கானிக்குகளுக்கு வசதியானது. எஞ்சினுக்குள் பிஸ்டன் இறங்கும்போது காற்று வெளியேற வழி வேண்டும். அதற்குத்தான் பிரீதர். பைப் அடைத்திருந்தாலோ அதன் ஒருவழி ரப்பர் வால்வு கல்லாகியிருந்தாலோ, அழுத்தம் கிடைக்கிற கேஸ்கட் வழியாக எல்லாம் ஆயிலைத் தள்ளும். பிரீதரைச் சரிசெய்யாமல் பேக்கிங் மாற்றுவதும், சிலிகான் பூசுவதும் காசுக்குக் கேடு. சிலிகான் அதிகமானால் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, ஆயில் வழியை அடைக்கும் ஆபத்து வேறு.

எஞ்சினுக்குள் டொக் டொக் என்று சத்தம். கனெக்டிங் ராடு என்கிறார்கள்.

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், ஏனென்றால் இந்தத் தீர்ப்பின் விலை ஒரு முழு எஞ்சின் வேலை.

இடது பக்கப் பெரிய மூடிக்குள் கிராங்க் முனையில் ஆல்டர்னேட்டர் ரோட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் நட்டு தளர்ந்தால் ராடு அடிப்பதைப் போலவே சத்தம் வரும். அதே மூடிக்குள் பிரைமரி செயின். அது தொங்கினால் ஐடிலில் மூடியை உள்ளிருந்து தட்டும். கிளட்சைப் பிடித்தால் சத்தம் மாறும். செயினின் மிக இறுக்கமான இடத்தில் மேலும் கீழும் 6 மி.மீ. போல ஆட்டம் இருந்தால் சரி. இரண்டையும் பார்க்க ஒரு மூடியைக் கழற்றினால் போதும்.

ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சூடானதும் குறைந்துவிடும் கடகட சத்தம் பிஸ்டன் போரில் ஆடுவது. அவசரம் இல்லை, பல ஆயிரம் கிலோமீட்டர் அப்படியே ஓடும். ஏற்றத்தில் டாப் கியரில் இழுக்கும்போது மட்டும் கிண்கிணி என்று உலோகம் தட்டினால் டைமிங் அட்வான்ஸ், அல்லது ஹெட்டில் கரி. சூடாக ஆக அதிகமாகி, லோடு கொடுக்கும்போது கனமாக, ஆழத்திலிருந்து அடித்தால் ராடுதான். ஹெட்டையும் போரையும் கழற்றி ராடைக் கையால் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று நகரலாம். மேல் கீழாக ஆட்டம் துளியும் கூடாது. ஆடினால் கிராங்க் வெளியே வர வேண்டும். பிரஸ் வைத்துப் பிரித்து, பூட்டி, டயல் கேஜில் நேர் பார்க்கும் வேலை அது. கிராங்க்கைச் சுத்தியால் தட்டி நேர் பார்க்கிற பட்டறைக்குக் கொடுக்காதீர்கள்.

கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

கிக்கர் முட்டும் இடத்தில் உடல் எடையை அதன் மேல் ஏற்றி நில்லுங்கள். நல்ல எஞ்சின் சில நொடி உங்களைத் தாங்கும். உடனே இறங்கிவிட்டால் முதலில் டிகம்ப்ரஸர் கேபிளைத் தளர்த்திவிட்டு மறுபடி நில்லுங்கள். கேபிள் இழுத்துக்கொண்டிருந்தால் அந்தச் சின்ன வால்வு எப்போதும் பாதி திறந்தே இருக்கும். அடுத்தது டேப்பெட். அதன் பிறகும் தாங்கவில்லை என்றால் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பாருங்கள். ஆயிலுக்குப் பிறகு தாங்கினால் ரிங், போர். மாற்றமே இல்லை என்றால் வால்வு.

போர் அடிக்க (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க) வேண்டும் என்றால்?

பிஸ்டன்கள் ஸ்டாண்டர்டுக்கு மேல் 20, 40, 60 (அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு) என்று ஓவர்சைஸில் வரும். உங்கள் வண்டியில் ஏற்கெனவே எது இருக்கிறது என்று பிஸ்டன் தலையில் பார்க்கலாம். 60-இல் இருந்தால் அடுத்தது ஸ்லீவ்தான் (போருக்குள் புது உறை போடுவது). பிஸ்டனை முதலில் வாங்கி லேத்துக்காரர் கையில் கொடுத்து, அதன் அளவுக்கு அடிக்கச் சொல்லுங்கள். போரை அடித்துவிட்டு அதற்குப் பிஸ்டன் தேடக் கூடாது.

உதிரி பாகம் எங்கே வாங்குவது?

சென்னையில் புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. பழைய ஒரிஜினல் கேம், ராக்கர், கார்புரேட்டர் பாடி போன்றவை புதிய மாற்றுப் பொருளைவிடப் பல நேரம் தரமாக இருக்கும். பாயிண்ட், கண்டென்சர், ஆயில் சீல், ரப்பர் ஆகியவற்றைப் பழசாக வாங்க வேண்டாம். கிராங்க் கேஸ் வாங்கும் யோசனை இருந்தால் அடுத்த கேள்வியைப் படித்துவிட்டுப் போங்கள்.

கெட்ட எஞ்சினைச் சரிசெய்வதற்குப் பதில் வேறு எஞ்சினைத் தூக்கி வைத்தால்?

கிராங்க் கேஸில் அடித்திருக்கும் எஞ்சின் எண்தான் ஆர்.சி.யில் உள்ளது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் மாற்றினால் பதிவைப் புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்; யாருடைய எஞ்சின் என்ற கேள்வி போலீஸ் வரை போகலாம். வண்டிக்கு 50 வயதுக்கு மேல் என்றால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, அசல் நிலையில் உள்ள 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று 'விஏ' எண் வரிசையில் பதியலாம். எஞ்சினிலோ சேஸிஸிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி போய்விடும்.

பாயிண்ட்டைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

தினமும் ஆபீசுக்கு ஓட்டுவதாக இருந்தால் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி என்றால் பாயிண்ட்டே இருக்கட்டும். நடுவழியில் நின்றால் எமரி தாளை வைத்து வீடு வந்து சேரலாம், எலெக்ட்ரானிக் செத்தால் லாரி பிடிக்கணும்.

புது பிஸ்டன் போட்டாயிற்று. எப்படி ஓட்டுவது?

முதல் 500 கிலோமீட்டர் 50-ஐத் தாண்ட வேண்டாம். ஆனால் ஒரே வேகத்தில் உருட்டவும் வேண்டாம். ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் போரோடு பழகும். டாப் கியரில் எஞ்சினைத் திணறவிடாதீர்கள், வேகமாகப் போவதைவிட அது மோசம். 500-இல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை இறுக்கிவிட்டு, டேப்பெட்டை மறுபடி பாருங்கள். ஹெட் அமர்ந்ததும் அந்த அளவு மாறியிருக்கும்.